ஃபேன்சி நம்பர் நோட்டு சேர்ப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் 786 என்று முடியும் நோட்டைச் செலவழிக்க மனம் வராதவர்கள் ஏராளம். பீரோவில் துணிக்கு அடியிலோ, பணப்பையின் உள்ளறையிலோ அது இருக்கும். ராமேசுவரத்திலும் பாம்பனிலும் தங்கள் படகு எண் வந்த நோட்டை எடுத்துவைப்பவர்கள் உண்டு. ஆக, நம் கரையில் இந்தப் பழக்கத்தை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை முறையாகச் செய்கிறவர்கள் குறைவு. எது உண்மையிலேயே அரிது, எது அரிது மாதிரி தெரிவது என்று பிரித்துப் பார்க்காததால், சிலர் சாதாரண நோட்டுக்குக் காசைக் கொட்டுகிறார்கள், சிலர் நல்ல நோட்டை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எண்ணிப் பார்ப்பது. பழைய நாணயம் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நோட்டு எண் அப்படியில்லை. ஒரு வரிசையில் எத்தனை அச்சாகும் என்பதைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடலாம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

முதல் படி: எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது புழங்கும் ரிசர்வ் வங்கி நோட்டில் எண் இரண்டு இடங்களில் இருக்கும். முதலில் ஓர் இலக்கமும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், அல்லது இரண்டு இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். இதை முன்னொட்டு என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ஆறு இலக்க எண். ஒவ்வொரு முன்னொட்டுக்கும் 000001இல் தொடங்கி எண் ஓடும். பத்து லட்சமாவது நோட்டில் மட்டும் 1000000 என்று ஏழு இலக்கம் வரும். இந்த ஏழு இலக்க நோட்டு கையில் சிக்கினால் மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது ஸ்டார் நோட்டு. அச்சகத்தில் பிழையாக அச்சான நோட்டை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கட்டுக்குள் வைக்கும் நோட்டு இது. 2006இல் 10, 20, 50 ரூபாயில் இந்த முறை தொடங்கியது. 500 ரூபாய்க்கு 2016இல் வந்தது. ஸ்டார் போட்ட நோட்டு கள்ள நோட்டு என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, அது முழுக்கச் செல்லும் நோட்டுதான் என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது. கடைக்காரர் வாங்க மறுத்தால் நீங்கள் மாற்றிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கண் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். எண்ணுக்குப் பின்னணியில் மங்கலாக ஓர் எழுத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பின்பக்கம் அச்சான ஆண்டு இருக்கும். 2005க்கு முந்தைய நோட்டுகளில் இந்த ஆண்டு கிடையாது. மூன்றாவது, ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இந்திய அரசு வெளியிடுவது, அதனால் அதில் நிதித்துறைச் செயலரின் கையெழுத்து. எண் ஒன்றாகவே இருந்தாலும் எழுத்தும் ஆண்டும் கையெழுத்தும் மாறினால் சேகரிப்பவர்களுக்கு அது வேறு நோட்டு.

இரண்டாம் படி: எது எவ்வளவு அரிது என்று கணக்குப் போடுங்கள்

ஒரு முன்னொட்டில் பத்து லட்சம் நோட்டு. அதில் எந்த வகை எத்தனை வரும் என்று பார்ப்போம்.

ஆறு இலக்கமும் ஒன்றாக வரும் 111111, 222222 வகையில் மொத்தமே 9. ஏறுவரிசையாக 012345, 123456 என்று போவதில் 5, இறங்குவரிசையில் 987654, 654321 என்று வருவதில் 5. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் 472274 போன்றவை 999. சேகரிப்பாளர்கள் இதை ரேடார் என்பார்கள். மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வரும் 472472 வகையும் 999. இரண்டே இலக்கங்கள் எப்படியாவது கலந்து வரும் 303303, 778787 வகையில் 2790.

இனி 786. ஆறு இலக்கத்துக்குள் எங்கேயாவது 786 வரும் நோட்டு 3999. அதாவது சராசரியாக 250 நோட்டுக்கு ஒன்று. 786 என்று முடிபவை மட்டும் என்றால் 1000, ஆயிரத்துக்கு ஒன்று. இது ஒரு முன்னொட்டுக்கான கணக்குதான். 10 ரூபாயில் எத்தனையோ முன்னொட்டுகள், அப்புறம் 20, 50, 100 என்று தனித்தனியாக ஓடுகின்றன. 'பிஸ்மில்லாஹ்' வாசகத்தின் எழுத்துகளுக்குரிய மதிப்புகளைக் கூட்டி வரும் எண் என்பதால் 786 நோட்டை மரியாதையோடு வைத்துக்கொள்வது ஒரு விஷயம், அதை லட்சக்கணக்கில் விலைபோகும் அரிய பொருள் என்று நம்புவது வேறு விஷயம். முதலாவதில் எனக்கு முழு மரியாதை உண்டு. இரண்டாவதை மேலே உள்ள கணக்கே மறுத்துவிடுகிறது. 786786 மட்டும் வேறு. அது ஒரு முன்னொட்டுக்கு ஒன்றே ஒன்று.

மூன்றாம் படி: எதைச் சேர்ப்பது என்று முடிவெடுங்கள்

எல்லா வகையையும் பிடிக்கப் போனால் பணமும் இடமும் போதாது. ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாயில் தொடங்குவது நல்லது. முடங்கும் பணம் குறைவு, புதுக் கட்டு கிடைப்பதும் ஓரளவு எளிது. 500 ரூபாயில் ரேடார் சேர்த்தால் பத்து நோட்டிலேயே ஐயாயிரம் முடங்கிவிடும்.

என் விருப்பத்தைக் கேட்டால், நம் ஊரின் தேதிகளைச் சேருங்கள் என்பேன். ஆறு இலக்கத்தில் நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அழகாக உட்காரும். அப்துல் கலாம் பிறந்த நாள் 151031. அவர் மறைந்த நாள் 270715. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் 22, 23ஆம் தேதிகளுக்கு 221264, 231264. பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914 பிப்ரவரி 24க்கு 240214. புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6க்கு 060425. இந்த ஆறு நோட்டையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள், ராமேசுவரம் தீவின் நூற்றாண்டு வரலாறு கண்முன் நிற்கும். எந்தத் தேதியானாலும் ஒரு முன்னொட்டுக்கு ஒரே நோட்டுதான் என்பதால் ஆறும் சேரப் பல வருடம் ஆகும். அதுவும் நல்லதுதான்.

வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள், கல்யாண நாள் நோட்டுகளும் இதே வகை. இவற்றை விற்றால் பெரிய விலை வராது. ஆனால் மொய்க் கவரில் மாப்பிள்ளையின் பிறந்த தேதி போட்ட நோட்டை வைத்துக் கொடுத்தால் அந்த வீட்டில் அதைச் செலவழிக்க மாட்டார்கள்.

நான்காம் படி: எங்கே தேடுவது?

வங்கி கவுன்டர்தான் முதல் இடம். புது நோட்டு, அதாவது சலவை நோட்டு, நூறு நூறாகக் கட்டி வரும். பத்துக் கட்டு சேர்ந்தது ஒரு பண்டில். பெருநாளுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் கல்யாண மாதங்களிலும் புது நோட்டுக்கு எல்லோரும் நிற்பார்கள். கீழக்கரையில் பெருநாள் காசு கொடுக்கவே புதுக் கட்டு கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் போய் நின்று எண் பார்த்துத் தரச் சொன்னால் காசாளருக்குக் கோபம்தான் வரும். கூட்டம் வடிந்த மதிய நேரத்தில், கணக்கு இருக்கும் கிளையில், "சார், பத்து ரூபாய்க் கட்டு ஒண்ணு வேணும், முடிஞ்சா இந்த நம்பர் பக்கமா இருந்தா சந்தோஷம்" என்று கேளுங்கள். கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த முறை வேறு கட்டாவது வாங்குங்கள்.

ராமேசுவரத்துக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. இருபத்திரண்டு தீர்த்தமாட வருகிறவர்கள் இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் பணத்தோடு வருகிறார்கள். சங்குக் கடை, இளநீர் வண்டி, ஆட்டோ என எங்கும் குஜராத்திலும் வங்காளத்திலும் புழங்கிய நோட்டுகள் வந்து விழும். நம் வங்கிகளுக்கு வராத முன்னொட்டும் ஆண்டும் கிடைக்க இதுதான் வழி. கடைக்காரரோடு பழக்கம் இருந்தால் இரவு கல்லா எண்ணும்போது கூட உட்காரலாம். "அண்ணே, பத்து ரூபா நோட்டை மட்டும் நான் எண்ணித் தரட்டா? வேண்டியதை எடுத்துக்கிட்டு அதே தொகையை வச்சிருவேன்" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கீழக்கரைப் பக்கம் அண்ணனுக்குப் பதில் 'காக்கா' என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.

மீன் ஏலம் நடக்கும் கரையிலும் ரொக்கம் நிறையப் புழங்கும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் கரை திரும்பியதும் ஏலம். ஆனால் ஏலம் நடக்கும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். அது பிழைப்பு நேரம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது அங்கே பணப்புழக்கம் குறைந்துவிடும். இன்னொன்று, கரையில் கிடைக்கும் நோட்டு பெரும்பாலும் ஈரமும் உப்பும் ஏறியது. எண் மிக அபூர்வமாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஐந்தாம் படி: கட்டைத் திறக்காமலே கணக்கிடுங்கள்

பல வருடம் சேர்க்கிறவர்கள்கூட இதைச் செய்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொடர் எண்ணில் ஆயிரம் நோட்டுள்ள ஒரு பண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 472001இல் தொடங்கி 473000இல் முடிகிறது. முதல் மூன்று இலக்கம் 472 என்று தெரிந்ததுமே உள்ளே இருக்கும் ரேடார் 472274, திரும்ப வரும் எண் 472472, 786 முடிவு 472786 என்று சொல்லிவிடலாம். 000001இல் தொடங்கும் முதல் பண்டிலைத் தவிர எல்லாப் பண்டிலிலும் ரேடார் ஒன்றே ஒன்றுதான், திரும்ப வருவதும் ஒன்றே ஒன்றுதான். நூறு நூறாகப் பார்த்தால் ரேடார் மூன்றாம் கட்டில், திரும்ப வருவது ஐந்தாம் கட்டில், 786 எட்டாம் கட்டில். பத்துக் கட்டும் வாங்கத் தேவையில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்து வேண்டிய கட்டை மட்டும் கேட்கலாம்.

தேதி தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. கட்டின் முதல் நோட்டு 151001 என்று இருந்தால், அந்தக் கட்டுக்குள் அக்டோபர் 15ஆம் தேதி பிறந்தவர்களுக்கு 01இலிருந்து 99 வரை எல்லா ஆண்டுக்கும் நோட்டு இருக்கும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பிறந்த நாள் என்றால் ஒரே கட்டில் இரண்டும் கிடைத்துவிடும்.

786க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 478601இல் தொடங்கும் கட்டில் கடைசி நோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 786 இருக்கும். 786001இல் தொடங்கும் பண்டிலில் ஏறக்குறைய ஆயிரத்திலும் இருக்கும். சில விற்பனையாளர்கள் கை நிறைய 786 நோட்டு வைத்திருப்பது இதனால்தான்.

கட்டுக்குள் ஸ்டார் நோட்டு இருந்தால் அந்த இடத்தில் வரிசை எண் விடுபட்டிருக்கும். நீங்கள் தேடும் எண்ணே அப்படிப் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

ஆறாம் படி: நோட்டின் நிலை

ஒரே எண்ணுக்கு, மடிப்பே விழாத நோட்டுக்கும் நாலாக மடித்த நோட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய மடிப்பும் தெரியும். பழைய கட்டுகளில் இடது ஓரத்தில் ஸ்டேப்பிள் ஓட்டை இருக்கும். கட்டுகளுக்கு ஸ்டேப்பிள் அடிக்கக் கூடாது என்று 2001இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டில் அந்த ஓட்டையைப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம். கழுவுவது, இஸ்திரி போடுவது, அழிரப்பரால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். கழுவிய நோட்டின் மொடமொடப்பு திரும்ப வராது, அனுபவமுள்ளவர் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்.

ஏழாம் படி: உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

மதுரைக்காரர் சொல்லும் பாதுகாப்பு முறை மண்டபத்துக்குப் போதாது. நம் நோட்டு பருத்தி இழையால் ஆன தாள். பருத்தி ஈரத்தை இழுக்கும், கடற்காற்றில் இருக்கும் உப்பும் ஈரத்தை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். வந்த புள்ளி போகாது.

சேர்த்தவுடன் ஆல்பத்தில் போடாதீர்கள். காற்றில் ஈரம் குறைந்த நாளில், நிழலில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒரு நாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அப்புறம் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி ஆல்பம் சில வருடத்தில் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள், புதுச் செருப்பு மாதிரி நெடி அடித்தால் வாங்காதீர்கள். லேமினேஷன் போட்டால் நோட்டு முடிந்தது. செலோ டேப்பும் அப்படித்தான்.

உறைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஈரம் ஏறியதும் நீலம் இளஞ்சிவப்பாகும், உடனே மாற்றிவிடலாம். இரும்புப் பெட்டி வேண்டாம், கடலோர வீட்டில் துருதான் முதலில் வரும். கடல் பார்த்த சுவரோடு ஒட்டிய அலமாரியும் வேண்டாம், வீட்டின் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். அந்துருண்டையைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எட்டாம் படி: பழைய பெட்டிகளைப் பாருங்கள்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் வளைகுடாவுக்குப் போய்வந்த பாட்டனாரின் பெட்டி இருக்கலாம். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளில் மட்டும் செல்லும்படி தனி நோட்டு வெளியிட்டது. இங்கிருந்து தங்கக் கடத்தலுக்காக ரூபாய் வெளியே போவதைத் தடுக்கத்தான். அந்த நோட்டுகளின் எண் 'இசட்' எழுத்தோடு தொடங்கும், நிறமும் நம் உள்நாட்டு நோட்டிலிருந்து வேறு. ஹஜ் பயணிகளுக்கென்று வெளியிட்ட 10, 100 ரூபாய் நோட்டுகளில் முன்னொட்டு 'எச்ஏ'. இங்கே எண்ணைவிட முன்னொட்டுதான் முக்கியம், எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. போலிகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு வந்து கேட்கும் முதல் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று அனுபவசாலிகளிடம் காட்டுங்கள். அந்த நோட்டு எந்தத் துறைமுகம் வழியாக, யார் கையில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நோட்டுக்கு விலை சொல்ல ஆள் கிடைக்கும், இந்தக் கதையைச் சொல்லும் ஆள் போனால் திரும்பக் கிடைக்க மாட்டார்.

ஒன்பதாம் படி: வாங்குவதும் விற்பதும்

எண்ணைச் சுரண்டி வேறு இலக்கம் அச்சடித்து விற்பவர்கள் உண்டு. இரண்டு இடத்து எண்ணும் முன்னொட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கங்களின் தடிமன், இடைவெளி, எண்ணுக்குக் கீழே தாளின் பளபளப்பு ஆகியவற்றை லென்ஸில் கவனியுங்கள். புற ஊதா விளக்கில் அசல் எண் ஒளிரும். கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு விளக்கே போதும். புதிய நோட்டுகளில் முன்னொட்டு ஒரே அளவிலும் ஆறு இலக்கம் சிறிதிலிருந்து பெரிதாகவும் வரும். இந்த முறை 2015இல் 100 ரூபாயில் தொடங்கியது. இலக்கத்தை மாற்றியவர்கள் இந்த அளவில்தான் கோட்டை விடுவார்கள்.

இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. விற்ற விலை எது என்று பாருங்கள். ஏலங்களில் முடிந்த விலைகளை ஒரு வருடம் கவனித்துவிட்டு வாங்குவதே நல்லது.

"உங்கள் 786 நோட்டுக்கு ஐந்து லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் அழைப்புகள் எல்லாமே மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே அனுப்புகிறார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த அழைப்பு அதிகம் வருகிறது. வீட்டில் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

பத்தாம் படி: சட்டமும் குறிப்பேடும்

2016இல் செல்லாததாக்கிய பழைய 500, 1000 நோட்டுகளில் நல்ல எண் உள்ளவை சில வீடுகளில் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணமாக மொத்தம் 10 நோட்டு வரை வைத்திருக்கலாம். படிப்பு, ஆய்வு, நோட்டு நாணயச் சேகரிப்பு ஆகியவற்றுக்கு 25 வரை. அதற்கு மேல் போனால் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அந்த அபராதம். 2000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டாலும் இன்னும் செல்லும் பணம்தான், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடைசியாக ஒரு குறிப்பேடு போடுங்கள். முழு எண், ஆண்டு, கையெழுத்து, கிடைத்த இடம், தேதி, கொடுத்த விலை. நோட்டின் மேல் எதுவும் எழுதக் கூடாது, உறையின் மேல் ஒட்டும் சீட்டும் வேண்டாம். உறைக்கு ஒரு வரிசை எண் கொடுத்து விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். இல்லையென்றால், அவசரத்துக்கு மளிகைக்கடைக்குப் போகிறவர் கையில் 472274 சாதாரணப் பத்து ரூபாயாகத்தான் இருக்கும்.